சேகா ஆர்கேட் போர்டைப் பெங்களூரில் ஓடவைப்பது எப்படி: முதலில் பிரிவின் வரலாறு, பிறகு ப்ளக்

காசு போட்டு ஆடும் வீடியோ கேம் மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகைதான் ஆர்கேட் போர்டு. பழைய போர்டு ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் அதற்குக் கரன்ட் கொடுத்துப் பார்க்கிறார்கள். முப்பது, நாற்பது வருடம் தாக்குப்பிடித்த போர்டு பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான் சாகிறது. எந்த வோல்ட், எந்த மானிட்டர், எந்த கனெக்டர், உள்ளே பேட்டரி உண்டா என்ற நான்கு கேள்விக்கும் பதில் போர்டின் மேலேயே அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்க, அந்தப் போர்டைச் செய்த பிரிவு எந்த வருடம் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தால் போதும். ஜப்பானின் வீடியோ கேம் நிறுவனமான சேகாவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அது பாக எண் போடுவதில் காட்டிய ஒழுங்கு.

மூன்று காலம், மூன்று வகைப் போர்டு

சேகாவின் ஆர்கேட் ஆய்வு வளர்ச்சிப் பிரிவுகள் ஏஎம்1, ஏஎம்2, ஏஎம்3 என்று எண்ணால் அறியப்பட்டவை. ஏஎம் என்பது அம்யூஸ்மென்ட் மெஷின். 1983-இல் சேகாவில் சேர்ந்த யூ சுசுகி 1985-இல் ஹேங்-ஆன், ஸ்பேஸ் ஹாரியர், 1986-இல் அவுட் ரன், 1987-இல் ஆஃப்டர் பர்னர் என்று வரிசையாகக் கொண்டுவந்தார். பின்னாளில் ஏஎம்2 என்று பெயர் பெற்ற குழுவின் தொடக்கம் அது. இந்த முதல் காலத்துப் போர்டுகளின் மூளை மோட்டோரோலா 68000. வண்டி ஓட்டும் விளையாட்டுகளில் இரண்டு 68000. முப்பரிமாணம் போலத் தெரிந்ததெல்லாம் தட்டைப் படங்களை வேகமாகப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் காட்டியதுதான். வீடியோவின் கிடைவரி வேகம் 15 கிலோஹெர்ட்ஸ். ஷினோபி, ஆல்டர்ட் பீஸ்ட், கோல்டன் ஆக்ஸ் ஓடிய சிஸ்டம் 16 குடும்பமும் இதே காலம்தான்.

இரண்டாவது காலம் 1992-இல் தொடங்குகிறது. மாடல் 1 போர்டில் வர்ச்சுவா ரேசிங், அடுத்த வருடம் வர்ச்சுவா ஃபைட்டர், இரண்டும் ஏஎம்2. படங்களுக்குப் பதில் பாலிகான்கள், அதாவது உருவங்களைக் கட்டும் பல கோண வடிவங்கள், வந்தன. மாடல் 2-இல் பாலிகான் மேல் தோல் போர்த்தும் நுட்பம் விமானப் பயிற்சிக் கருவிகள் செய்த நிறுவனத்திடமிருந்து வந்தது. பெயர் கைமாறிக் கைமாறி அது லாக்ஹீட் மார்ட்டினில் போய் முடிந்தது. டேடோனா யூஎஸ்ஏ, வர்ச்சுவா காப், சேகா ராலி எல்லாம் மாடல் 2. 1996-இல் மாடல் 3, பவர்பிசி மூளையோடு. இந்த மூன்றுக்கும் பொதுவானது 24 கிலோஹெர்ட்ஸ் வீடியோ. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பழைய டிவியும் காட்டாது, சாதாரண கம்ப்யூட்டர் மானிட்டரும் காட்டாது.

மூன்றாவது காலம் 1998-இன் நவோமி. சேகாவின் வீட்டுக் கன்சோலான ட்ரீம்காஸ்ட்டின் உடன்பிறப்பு: அதே எஸ்எச்-4 மூளை, அதே குடும்ப கிராஃபிக்ஸ் சிப், நினைவகம் மட்டும் அதிகம். 2000-இல் சேகா தன் பிரிவுகளைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரித்தது. ஏஎம்1 வாவ் என்டர்டெயின்மென்ட் ஆனது, ஏஎம்3 ஹிட்மேக்கர் ஆனது. 2004-இல் எல்லாம் மறுபடி சேகாவுக்குள் அடங்கின. ஆகவே ஒரே நவோமி விளையாட்டின் திரையில் ஒரு பெயரும் ஸ்டிக்கரில் வேறு பெயரும் இருந்தால் போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

எண்களைப் படிப்பது

போர்டைக் கண்ணாடி மேசையில் வைக்காதீர்கள். ஒரு பருத்தித் துணி போதும். நல்ல வெளிச்சத்தில் மேலிருந்து ஒரு படம், கீழிருந்து ஒரு படம் எடுத்துவிட்டு எண்களைத் தாளில் எழுதுங்கள்.

171- என்று தொடங்குவது வெறும் பலகையின் எண், செம்புக்கோட்டோடு சேர்த்து அச்சடித்தது. 837-, 834- என்பவை பாகங்கள் பூட்டிய போர்டின் எண்கள், பெரும்பாலும் ஸ்டிக்கரில். 315- என்றால் சேகாவுக்கென்றே செய்த சிப், இதற்குப் பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் மாற்று கிடைக்காது, இன்னொரு செத்த போர்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். 317- என்றால் பாதுகாப்புச் சிப். ஈபிஆர்- என்று ஒட்டியிருப்பது அழித்து எழுதக்கூடிய ரோம், அதாவது விளையாட்டின் நிரலும் தரவும் இருக்கும் சிப். எம்பிஆர்- தொழிற்சாலையிலேயே எழுதிய மாஸ்க் ரோம். ஈபிஆர் சிப்பின் கண்ணாடி ஜன்னலை மூடியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். புற ஊதா ஒளி பட்டுப் பட்டுத்தான் அது அழியும். ஸ்டிக்கர் ஏற்கெனவே போயிருந்தால் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

தேதிக்கு, சாதாரண சிப்களின் மேல் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 8734 என்றால் 1987-இன் 34-ஆவது வாரம். ஒரு சிப்பை நம்பாமல் பத்துச் சிப் பார்த்து, இருப்பதிலேயே பிந்திய தேதியை எடுங்கள். போர்டு அதற்குப் பிறகுதான் செய்யப்பட்டிருக்க முடியும். ஒரே ஒரு சிப் மட்டும் நாலைந்து வருடம் பிந்தியிருந்தால் அங்கே யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்தின் சோல்டரை லென்ஸ் வைத்துப் பாருங்கள், உங்கள் கோளாறு அங்கேயே இருக்கலாம்.

317- கண்ணில் பட்டால் நிறுத்துங்கள்

68000 இருக்க வேண்டிய 64 கால் சாக்கெட்டில் எஃப்டி1094 என்று எழுதிய தடித்த கருப்புப் பெட்டி இருந்தால், அதற்குள் ஒரு 68000, ஒரு லித்தியம் பேட்டரி, 8 கிலோபைட் சாவி மூன்றும் இருக்கின்றன. ரோமில் எழுதியிருப்பது மறைகுறியில். சாவி இல்லாமல் அதைப் படிக்க முடியாது. பேட்டரி தீர்ந்தால் சாவி போய்விடும், விளையாட்டு தொடங்கவே தொடங்காது. திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. சேகாவின் சொந்தப் போர்டுகளையே அதிகம் கொன்றது என்பதுதான் வருத்தம்.

விளையாட்டின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆல்டர்ட் பீஸ்ட்டும் கோல்டன் ஆக்ஸும் இந்தப் பெட்டியோடும் வந்தன, வெறும் 68000-ஓடும் வந்தன. சாக்கெட்டைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

பெட்டியை உடைத்துப் பேட்டரி மாற்றும் முறை இருக்கிறது. பழைய பேட்டரியைக் கழற்றும் முன் வெளியிலிருந்து இன்னொரு மின்சாரம் இணையாகக் கொடுத்துக்கொண்டே செய்ய வேண்டும். கை ஒருமுறை நடுங்கினால் சாவி காலி. அதைவிட நல்ல வழி: மறைகுறி நீக்கிய நிரல் ரோம்களை எழுதி, பெட்டிக்குப் பதில் 10 மெகாஹெர்ட்ஸ் 64 கால் டிப் 68000 ஒன்றைப் பொருத்துவது. அதன் பிறகு பேட்டரிக் கவலையே இல்லை. உங்களிடம் இருக்கும் போர்டின் விளையாட்டுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். கழற்றிய பெட்டியை ஆன்டிஸ்டாடிக் பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். உயிரோடு இருக்கும் பெட்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன.

கேப்காம் சிபிஎஸ்2 போர்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே வகைத் தொல்லை உண்டு. அதன் பி போர்டில் 3.6 வோல்ட் பேட்டரி இருக்கும். அங்கே சாவி போனாலும் வெளியிலிருந்து மறுபடி ஏற்றும் முறை 2016-இல் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் கசிந்த பேட்டரி செம்புக்கோட்டைத் தின்றால் மீட்பது கடினம், அதனால் பேட்டரியை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

எஸ்.பி. ரோட்டில் என்ன கேட்பது

சாதர் பத்ரப்பா ரோட்டுக்குச் சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். ஞாயிறு போகாதீர்கள். பல ஆர்கேட் போர்டுகளுக்கும் பொதுவான கனெக்டர் ஒழுங்கின் பெயர் ஜாமா. கடையில் "ஜாமா" என்று கேட்டால் யாருக்கும் புரியாது. "அண்ணா, 3.96 எம்எம் எட்ஜ் கனெக்டர், 28க்கு 28, சோல்டர் டைப்" என்று கேட்டால் ட்ராயரைத் திறப்பார்கள். 56 கால் சரியாகக் கிடைக்காவிட்டால் நீளமானதை வாங்கி அறுக்க நினைக்க வேண்டாம். அறுத்த முனை தளர்ந்து கால்கள் நகர்ந்துவிடும். ஆன்லைனில் தனியாக வாங்கிவிடுங்கள்.

5 வோல்ட் 10 ஆம்பியருக்குக் குறையாத எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை ஒன்று வேண்டும். தகரக் கூண்டில் வரும் வகை நல்லது, ஏனென்றால் ஓரத்தில் வோல்ட் திருத்தும் பிரிசெட் இருக்கும். ஒலிக்கு 12 வோல்ட் 3 ஆம்பியர் தனி. பழைய கம்ப்யூட்டர் சப்ளை வீட்டில் கிடக்கிறதே என்று 80-களின் போர்டுக்கு மாட்ட வேண்டாம். அதில் 5 வோல்ட்டைத் திருத்த வழியில்லை, புதியவற்றில் -5 வோல்ட்டும் இல்லை. போர்டுக்கு -5 உண்மையிலேயே வேண்டுமா என்று அறிய, எட்ஜின் 5-ஆம் காலிலிருந்து செம்புக்கோடு எங்காவது போகிறதா என்று பாருங்கள். எங்கேயும் போகாவிட்டால் விட்டுவிடலாம்.

இவற்றோடு 1 சதுர மில்லிமீட்டர் வயர் சிவப்பு, கருப்பு தலா 5 மீட்டர். சிக்னலுக்கு மெல்லிய வயர் பல நிறத்தில். 1 கிலோ ஓம் பிரிசெட் 3. 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று. துடைக்க 99 சதவீத ஐபிஏ (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) அரை லிட்டர். ஜாய்ஸ்டிக், பட்டன், காயின் பெட்டி, மரக் கூடு போன்றவற்றைக் குஜரியில் தேடுங்கள். சென்னையில் காயலான் கடை என்போமே, இங்கே அதன் பெயர் குஜரி. ஞாயிறு காலைச் சண்டே பஜாரிலும் ஒரு சுற்று பார்க்கலாம். போர்டை மட்டும் "வேலை செய்யுதுங்க" என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். செத்த போர்டின் விலை கொடுத்தே வாங்குங்கள்.

ஜப்பான் கூட்டையே முழுதாக வாங்கியிருந்தால் ஒரு எச்சரிக்கை: அது 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230-இல் நேரடியாகச் செருகினால் சப்ளையும் மானிட்டரும் ஒன்றாகப் போகும். 500 விஏ ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், ஆட்டோ வகை வேண்டாம். முதன்மைச் சுற்றும் இரண்டாம் சுற்றும் தனித்தனியாக உள்ளதாகக் கேளுங்கள். பல ஆர்கேட் மானிட்டர்களின் சேசிஸ் மெயின்ஸோடு நேராகத் தொடர்புள்ளது, தனிமைப்படுத்தாவிட்டால் தொடும் கையில் ஷாக். டோக்கியோவின் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான், அதனால் ஹெர்ட்ஸ் பற்றிய கவலை இல்லை. படக்குழாயின் ஆனோடில் அணைத்த பிறகும் பல ஆயிரம் வோல்ட் தங்கும். அதைப் பழைய டிவி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

வயரிங்

1985-இன் ஜாமா ஒழுங்கில் பக்கத்துக்கு 28 கால், மொத்தம் 56. சிஸ்டம் 16-இல் 16பி என்ற பிற்கால வகை ஜாமா. முந்தைய 16ஏ அல்ல. அவுட் ரன் போன்ற வண்டி விளையாட்டுகளும் அல்ல. அவற்றுக்கு ஸ்டியரிங், பெடல் ஒவ்வொன்றுக்கும் 5 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரும் வேண்டும், கையேடு இல்லாமல் தொடாதீர்கள்.

பாகங்கள் இருக்கும் பக்கத்தை மேலாக வைத்துக்கொண்டால்: 1, 2 கிரவுண்ட், 3, 4 +5, 5-இல் -5, 6-இல் +12, இவை இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே. 7 காலி, அங்கே கனெக்டரில் ஒரு தடுப்புத் தகடு இருக்க வேண்டும். 10 மேல்பக்கம் ஸ்பீக்கர் பிளஸ், கீழ்ப்பக்கம் மைனஸ். 12 மேலே சிவப்பு, கீழே பச்சை. 13 மேலே நீலம், கீழே சிங்க் (படத்தை நிலைநிறுத்தும் சிக்னல்). 14 மேலே வீடியோ கிரவுண்ட், கீழே சர்வீஸ். 15 மேலே டெஸ்ட். 16 காயின், 17 ஸ்டார்ட், 18 முதல் 21 வரை மேல், கீழ், இடது, வலது, 22 முதல் 24 வரை பட்டன்கள். இவற்றில் மேல்பக்கம் முதல் ஆள், கீழ்ப்பக்கம் இரண்டாம் ஆள். 27, 28 மறுபடி கிரவுண்ட்.

7-இல் தடுப்பைப் போடாமல் விடாதீர்கள். கனெக்டரைத் தலைகீழாகச் செருகினால் 1-ஆம் கால் 28-இல் உட்காரும், 6-ஆம் கால் 23-இல். அதாவது 12 வோல்ட் நேராக இரண்டாவது பட்டனின் உள்ளீட்டுச் சிப்புக்குள் பாயும். "எல்லாம் ஓடுது, ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யல" என்று விற்பனைக்கு வரும் போர்டுகளைப் பார்க்கும்போது இந்தத் தவறைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்பீக்கர் மைனஸைக் கிரவுண்டோடு முடிச்சுப் போடாதீர்கள். பல போர்டுகளில் அது கிரவுண்ட் அல்ல, ஆம்ப்ளிஃபயர் சிப் சூடேறிச் சாகும்.

5 வோல்ட்டுக்கு வயர் தடிமன் முக்கியம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை மீட்டருக்குச் சுமார் 0.018 ஓம். போர்டு 5 ஆம்பியர் இழுக்கிறது, போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் என்றால் 0.18 வோல்ட் வழியிலேயே தொலையும். சப்ளையில் 5.00 இருந்தாலும் போர்டில் 4.82 மட்டுமே. அந்தக் காலத்து டிடிஎல் சிப்கள் 4.75-க்குக் கீழே தடுமாறும், விளையாட்டு தானாக ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். ஆகவே பிளஸுக்கு இரண்டு வயர், கிரவுண்டுக்கு இரண்டு வயர் போட்டு, 3, 4 இரண்டு கால்களின் இரண்டு பக்கத்தையும் இணையுங்கள்.

முதல் மின்சாரம்

எட்ஜின் செம்பு விரல்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து ஐபிஏவால் துடையுங்கள். சாக்கெட்டில் இருக்கும் ரோம்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கால்களைத் துடைத்து, அதே திசையில் செருகுங்கள். முனையின் வெட்டு எந்தப் பக்கம் என்று நீங்கள் எடுத்த படத்தில் பாருங்கள். திருப்பிச் செருகிய ரோம் சில விநாடியில் வெந்துவிடும். பிறகு மல்டிமீட்டரில் +5-க்கும் கிரவுண்டுக்கும் இடையே தடை பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே காட்டினால் குறுக்குச் சுற்று, பெரும்பாலும் ஏதாவது ஒரு கெபாசிட்டர். அதைக் கண்டுபிடிக்கும்வரை சப்ளையை இணைக்காதீர்கள்.

சப்ளையைப் போர்டு இல்லாமல் 5.00-க்குத் திருத்திவிட்டுப் பிறகு செருகுங்கள். ஓடும்போது மீட்டரை ஒரு சிப்பின் பவர் காலிலேயே வைத்து 5.00 முதல் 5.10 வரை நிறுத்துங்கள். 5.25-ஐத் தாண்ட விடாதீர்கள். கெடுபிடியாக அளந்தால் அரை மணி நேரத்தில் முடியும் வேலை இது. பெஸ்காம் கரன்ட் போய் வரும் நாளில் சின்ன யூபிஎஸ் வழியாக ஓட்டுங்கள்.

படம்

15 கிலோஹெர்ட்ஸ் போர்டுக்கு ஆர்ஜிபி உள்ளீடு உள்ள படக்குழாய்தான் அழகு. கிடைக்காதவர்களுக்கு ஜிபிஎஸ்-8200 என்ற மாற்றுப் பலகை இருக்கிறது; அது ஆர்ஜிபியை விஜிஏ ஆக்கும், 5 வோல்ட் தனியாகக் கேட்கும், 24 கிலோஹெர்ட்ஸையும் ஏற்கும் என்பதால் மாடல் 2-க்கும் உதவும். ஆர்கேட் போர்டின் நிற வெளியீடு டிவி அளவான 0.7 வோல்ட்டைவிடப் பல மடங்கு. நேராகக் கொடுத்தால் வெள்ளை வழிந்து முகங்கள் கரைந்துபோகும், உள்ளீடும் கெடலாம். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் நடுவே 1 கிலோ ஓம் பிரிசெட்டைத் தொடராகப் போட்டு, அதிகத் தடையிலிருந்து குறைத்து வாருங்கள். சிங்க் வயரில் 470 ஓம். படம் சாய்ந்து ஓடினால் சிங்க். ஒரு நிறம் மட்டும் இல்லையென்றால் அந்த நிறத்தின் வயர். படமே இல்லாமல் ஒலி மட்டும் வந்தால் வீடியோ கிரவுண்டைப் பாருங்கள்.

ஓடாத போர்டு

திரையில் ஒரே கோலம் உறைந்து நின்றால் 68000-ஐப் பாருங்கள். 64 கால் டிப்பில் 14, 49 பவர், 16, 53 கிரவுண்ட், 15 கடிகாரம், 17 ஹால்ட், 18 ரீசெட். லாஜிக் ப்ரோபில் 15 துடிக்க வேண்டும். 17-உம் 18-உம் சிறிது நேரம் கீழே இருந்து மேலே போய் நிற்க வேண்டும். இரண்டும் விட்டுவிட்டுத் துடித்தால் வாட்ச்டாக், அதாவது நிரல் நின்றுபோனால் ரீசெட் செய்யும் சுற்று, எழுப்புகிறது, நிரல் ஓட ஆரம்பித்துத் திணறுகிறது என்று பொருள். முதலில் வோல்ட், பிறகு ரேம். 17 கீழேயே ஒட்டிக்கொண்டால் சிப் படித்தது நிரலே அல்ல: ரோம் கெட்டிருக்கிறது, அல்லது எஃப்டி1094-இன் சாவி போயிருக்கிறது. ரோம்களை ப்ரோக்ராமரில் படித்து, பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மேம் திட்டம் பட்டியலிட்டிருக்கும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டால் எது என்று பிரிந்துவிடும்.

உயிர் வந்துவிட்டால் டெஸ்ட் ஸ்விட்சை அழுத்தி நினைவகச் சோதனைக்குப் போங்கள். கெட்ட சிப்பைப் போர்டின் மேல் அச்சாகியிருக்கும் ஐசி எண்ணோடு காட்டும். சேகாவின் அந்தப் பிரிவுகள் பழுது பார்ப்பவரை நினைத்துச் செய்த நல்ல காரியம். பின்னணி சரியாக இருந்து உருவங்கள் மட்டும் சிதறினால் ஸ்ப்ரைட் ரேம், அல்லது 315- சிப். எம்பி74எல்எஸ் என்று தொடங்கும் ஃப்யூஜிட்சு சிப்கள் மற்றவற்றைவிட அதிகம் சாகின்றன. சந்தேகம் என்றால் அவற்றிலிருந்து தொடங்குங்கள். மாற்றும்போது கால்களைக் கட்டரால் வெட்டி, சிப்பைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சோல்டர் உருக்கி எடுங்கள். முழுச் சிப்பைக் காப்பாற்றப் பார்த்துப் போர்டின் துளைகளைப் பிய்ப்பதில் பயனில்லை. புதிய சிப்பை நேராக ஒட்டாமல் சாக்கெட் போடுங்கள்.

நவோமி வாங்கியவர்களுக்கு

இது வேறு உலகம், எளிதும்கூட. 3.3, 5, 12 மூன்று வோல்ட்டும் கேட்கும்; இங்கே கம்ப்யூட்டர் சப்ளை சரிப்படும். விஜிஏ சாக்கெட் போர்டிலேயே இருக்கிறது, டிப் ஸ்விட்சை 31 கிலோஹெர்ட்ஸுக்கு வைத்தால் எந்தப் பழைய எல்சிடியும் காட்டும். ஜாய்ஸ்டிக், பட்டன்களை இணைக்க ஜேவிஎஸ் ஐஓ போர்டு தனியாக வாங்க வேண்டும். அதன் கேபிள் யூஎஸ்பி போலவே இருக்கும், ஆனால் யூஎஸ்பி அல்ல. அதில் போன் சார்ஜரையோ கம்ப்யூட்டரையோ செருகிவிடாதீர்கள். விளையாட்டு ஜிடி-ரோம் என்ற வட்டில் வரும் வகையானால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதற்குரிய சாவிச் சிப் இருக்க வேண்டும். வட்டு மட்டும் விற்பவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

எந்தப் போர்டானாலும் ஓடவைத்த பிறகு இரண்டு மணி நேரம் விளம்பரத் திரையிலேயே விட்டு, அரை மணிக்கு ஒருமுறை 5 வோல்ட்டை அளந்து எழுதுங்கள். விரல் வைக்க முடியாமல் சுடும் சிப் எது என்பதையும் குறியுங்கள். அந்தத் தாளை மடித்து, பாக எண்கள் எழுதிய தாளோடு சேர்த்து, கூட்டின் உள்பக்கக் கதவில் ஒட்டிவிடுங்கள்.